செவலாத்தாளின் தீனிப்பை

காலைச் சித்தெ அக்கட்டால நகத்திக்குங்க தம்பி. கூடை இடிக்குதுங்களா? உங்களை இடிச்சாப் பரவால்லீங்க, கூடையை நீங்க இடிச்சுரக் கூடாது. உள்ள ஆபரேஷன் பண்ணுன உசுரு இருக்குது.

சிரிக்காதீங்க. கோழிதான். கோழிக்குத்தான் ஆபரேஷன். ஈரோட்டுல பஸ் ஏறுனதுல இருந்து கூடையவே பாத்துட்டு வர்றீங்க, கேக்கறதுக்குக் கூச்சம். நானே சொல்லிப்போடறேன். கோயமுத்தூர் வரைக்குந்தானே போறீங்க? நானும் அங்கதான். மனுசங்ககிட்ட ஒக்காந்து பேசி ரொம்ப நாளாச்சுங்க. இதுகிட்டயே பேசிட்டுக் கெடக்கறேன்.

எனக்கு ராசிபுரம் பக்கம். சேகோ ஆலையில, அதான் ஜவ்வரிசி பண்ற ஆலையில, மேஸ்திரியா இருந்து ஓஞ்சவன். கிழங்கு லோடு வந்து நின்னுதுன்னா நான் போடற ஒரு சத்தத்துக்கு அத்தனை ஆளும் ஓடி வருவாங்க. அந்த ஆளு இன்னைக்கு ஒரு பொட்டைக் கோழிக்கு வேலைக்காரன். புலி வாலைப் புடிச்சவன் கதைம்பாங்க. நான் புடிச்சது கோழி வாலு, அதையே உட முடியல.

கோழி என்னுது இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி தெய்வாத்தாளுது. அவ மக ஊட்டுக்குக் கோயமுத்தூர் போயிட்டா. மகளுக்குப் பேறுகாலம்னா மகதான் தாய் ஊட்டுக்கு வர்றது நம்ம வழக்கம். எங்க ஊட்டுல தாய், மக ஊட்டுக்குப் போனா. ஊர்ல கேட்டாங்க. அங்க ஆஸ்பத்திரி நல்லா இருக்குதுன்னு சொன்னேன், அதான் நெசமும். மக கோகிலா என்னமோ சொன்னா, 'அங்க வந்தா அம்மா ரெண்டு கொழந்தையப் பாக்கோணும்ப்பா'ன்னு. அவளுக்குப் பொறந்தது ஒத்தைப் பையன். படிச்ச புள்ளைக்குக் கணக்குத் தெரியல பாருங்க.

ரெண்டு மாசத்துல வந்தர்றேன்னுதான் போனா. இப்பப் பேரனுக்குப் பல்லு மொளைச்சு பிஸ்கோத்துக் கடிக்கறான். அவளைக் காணோம். கேட்டா, பையனுக்குச் சளிங்கறா. அப்புறம் கோகிலா வேலைக்குப் போறா, பையனைப் பாக்க ஆளில்லைங்கறா. போகையில வாசப்படியில நின்னு ஒரே வார்த்தைதான் சொன்னா. 'செவலாத்தாளைப் பாத்துக்குங்க'ன்னா. செவலைக் கோழிக்குச் செவலாத்தாள்னு பேரு. கட்டுன புருசன் சோத்துக்கு என்ன பண்ணுவான்னு ஒரு வார்த்தை, ம்ஹூம்.

எனக்குச் சோறாக்கத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. மெஸ்ஸுல வாங்கித் திங்கறேன்.

அப்பத்தான் இந்தக் கோழி சங்கதி. தெய்வாத்தா பூக்கட்டிக் கடைக்குக் குடுப்பா. பூக்கட்ட வாழைநாரு வேணும்ல, அதைக் கிழிச்சுக் காயவெச்சுக் கத்தையா அடுப்படி ஆணியில மாட்டியிருப்பா. ஒரு நாளு போன்ல, 'இன்னும் ஒரு மாசம் ஆகும்போல இருக்குதுங்க'ன்னா. எனக்கு ஆத்தரம்னா ஆத்தரம். தண்ணி குடிக்கலாம்னு அடுப்படிக்குள்ள போறேன், அந்த நாரு வந்து மூஞ்சியில ஒரசுது. புடுங்கி வாசல்ல வீசிப்போட்டேன். கட்டற ஆளே இல்லாத ஊட்டுல நாரு எதுக்கு? கோழி நாரைத் திங்கும்னு நான் கனவா கண்டேன்? அத்தனை நாரை ஊட்டுல சேத்து வெச்சது அவ தப்பு. நான் அதைச் சொல்லிக் காட்டல. பெருந்தன்மையா உட்டுட்டேன்.

தினமும் வீடியோவுல கூப்புடுவா. நான் மொகத்தைக் காட்டுனா, 'சித்தெ தள்ளிக்குங்க, செவலாத்தாளைக் காட்டுங்க'ம்பா. அப்படித்தான் ஒரு நாளு பாத்துப்போட்டு, 'ஏனுங்க, அதுக்கு நெஞ்சு ஏன் ஒரு பக்கமாத் தொங்குது? தொட்டுப் பாருங்க'ன்னா.

நான் அதுவரைக்கும் உசுரோட இருக்கற கோழியைத் தொட்டதில்லீங்க. கொழம்புலதான் தொட்டிருக்கறேன். பயந்துட்டே தொட்டா, கழுத்துக்குக் கீழ பெசஞ்ச மாவு உருண்டையாட்ட ஒண்ணு. தின்னதெல்லாம் மொதல்ல போய்த் தங்கற பையி அங்கதான் இருக்குது, தீனிப்பை. அது அடைச்சுக்கிச்சு. 'வாயை மோந்து பாருங்க'ன்னா. ஒரு கோழி வாயை மோந்து பாக்கற நெலமைக்கு வந்துட்டேன் தம்பி. புளிச்ச மாவு வாசம் வந்துது.

பக்கத்து ஊட்டு ரத்தினா எட்டிப் பாத்துப்போட்டு, 'அண்ணா, கொழம்புக்கு ஆகாமப் போறதுக்கு முன்னால அறுத்துப் போடுங்க, நான் மசால் அரைச்சுத் தர்றேன்'ன்னா. எனக்கும் அதே ரோசனைதான், பொய் சொல்லுவானேன். போன்ல தெய்வாத்தாகிட்டச் சொன்னேன். அவ சத்தமே போடல. 'அது செத்துப்போச்சுன்னா, அப்புறம் நான் அங்க வர்றதுக்கு ஒண்ணுமில்லீங்க'ன்னா. அவ்வளவுதான், வெச்சுட்டா.

கோழி மேல அத்தனை பாசம் பாருங்க. எனக்கு அப்பவே வெளங்கிப்போச்சு. கோழி பொழைச்சா அவ வருவா, செத்தா வர மாட்டா. அன்னைக்குப் புடிச்ச கெரகம் இன்னும் உடல.

கூடையில போட்டுத் தூக்கிட்டு நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஊரைச் சுத்திக் கோழிப் பண்ணை, லாரி லாரியா முட்டை போற ஊரு. அங்க ஒத்தைக் கோழியைத் தூக்கிட்டு ஆபரேஷனுக்குப் போறேன். ஆட்டைப் புடிச்சுட்டு வந்தவன் சிரிக்கறான், மாட்டைப் புடிச்சுட்டு வந்தவன் சிரிக்கறான். டாக்டரம்மா சின்ன வயசு. சிரிக்காம ஊசி போட்டு, நெஞ்சைக் கீறி, உள்ளேருந்து இழுக்கறாங்க இழுக்கறாங்க, நாரு வந்துட்டே இருக்குது. ஒரு சாமிக்கு மாலை கட்டலாம், அத்தனை நாரு. 'ஊட்டுல யாருங்க பூக்கட்டறாங்க?'ன்னு கேட்டாங்க. 'யாருமில்லீங்க'ன்னேன். பொய்யி இல்லியே, ஊட்டுல யாருமில்லை. தெய்வாத்தாகிட்ட, அடைச்சிருந்தது புல்லுன்னு சொல்லிட்டேன். தூரத்துல இருக்கற பொம்பளைக்கு எதுக்கு வீண் வேதனை.

தையல் போட்டு அனுப்பியாச்சு. சரி, தீந்துதுன்னு பாத்தா, அதுக்கப்புறந்தான் ஆரம்பமே.

தானியம் ஆகாது. புல்லு ஆகாது. மண்ணுல உடக் கூடாது, மத்த கோழியோட சேக்கக் கூடாது. வேகவெச்ச முட்டையில மஞ்சக்கருவை மட்டும் எடுத்து, தயிர்சோத்தோட கூழாக் கரைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சுல வாயோரமாக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தோணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. காலையில எந்திரிச்சதும் தீனிப்பையைத் தொட்டுப் பாக்கோணும், பஞ்சாட்ட அமுங்குனா நல்லது, கெட்டியா இருந்தா ஆபத்து. முட்டை வேகவெக்கவே ரத்தினாகிட்டத்தான் கத்துக்கிட்டேன். மொத முட்டை வெடிச்சுப்போச்சு.

ரெண்டு மணி நேரம்ங்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்க தம்பி. ஒரு சோலி எடுத்து முடிக்கறதுக்குள்ள வந்துரும். நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லைம்பாங்க, அந்தக் கணக்கு. மத்தியானம் சீட்டாடப் போனா ரெண்டாவது ஆட்டத்துல எந்திரிச்சு ஓடோணும். இப்ப அவனுங்க என்னைக் கூப்புடறதே இல்லை. படுத்தா, கண்ணு அசருறப்பக் கொக்கொக்குன்னு கூப்புடுது. நான் சாப்புட்டனா, தூங்குனனா, யாராச்சும் கேட்டாங்களா? கூழு சூடா இருந்தா மொகத்தைத் திருப்பிக்குது, ஆறிப்போனாலும் திருப்பிக்குது. ஒரு நாளு என்ற மூஞ்சி மேலயே சிலுப்பித் துப்பிருச்சு. நாலு செவுத்துக்குள்ள ஒரு உசுருக்கு ஆக்கிப்போட்டு, கழுவிவுட்டு, அதும் மொகத்தையே பாத்துட்டு இருக்கறது என்ன பொழப்புங்க? மனுசன் இருப்பானா? கட்டிப்போட்ட மாடு கூடப் பொழுதோட அவுத்துட்டா நாலடி நடக்கும்.

போன வருசம் எனக்கும் ஆபரேஷன் ஆச்சு, குடலிறக்கம். தெய்வாத்தாதான் பாத்தா. ஆனா நான் இந்தக் கோழியாட்டப் படுத்துனதில்லீங்க. கஞ்சி ஆறிப்போச்சுன்னா டம்ளரைத் தள்ளி வெப்பேன், வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவளே புரிஞ்சுட்டுச் சூடு பண்ணிட்டு வருவா. ஒருக்கா டம்ளரு அவ மேல போய் உழுந்துது. அது கை தவறுனது.

தையல் பிரிச்சப்புறம் பாத்தா தீனிப்பை தொங்கிப்போச்சு. துணியில ஒரு கச்சையாட்டக் கட்டி, நெஞ்சைத் தூக்கி நிறுத்தோணும்னாங்க டாக்டரம்மா. தெய்வாத்தா போன்ல சொன்னா, 'பீரோவுல கீழ்த்தட்டுல என்ற பழைய ரவிக்கை ஒண்ணு கெடக்கும். அதை மட்டுந்தான் உட்டுட்டு வந்தேன். கிழிச்சுக்குங்க'ன்னு. தொறந்து பாத்தா எல்லாத் தட்டும் காலி. நோம்பிச் சேலை, கண்ணாலப் பட்டு, ஒண்ணு உடாம எடுத்துட்டுப் போயிருக்கறா. ரெண்டு மாசத்துக்குப் போறவளுக்குக் கண்ணாலப் பட்டு எதுக்குங்க? பொம்பளைங்களுக்குத் துணி மேல இருக்கற ஆசை இருக்குதே.

அந்தக் கச்சையை அவதான் தைக்கச் சொல்லிக் குடுத்தா. போனைச் செவுத்துல சாத்தி வெச்சு, நான் ஊசியும் நூலுமா ஒக்காந்திருக்கறேன், 'இந்தப் பக்கம் மடிங்க, றெக்கைக்கு எடம் உடுங்க'ன்னு அங்கேருந்து சொல்றா. மூணு தடவை தப்பாத் தச்சேன். அவ சலிச்சுக்கவே இல்லை. அதுல இருந்து ஒவ்வொரு தடவை தீனி குடுக்கையிலயும் கூப்புட ஆரம்பிச்சா. என்ன குடுத்தீங்க, எச்சம் எப்புடிப் போச்சு, கெட்டியா இருக்குதா, எளக்கமா இருக்குதா. கண்ணாலம் பண்ணிட்டு வந்த நாள்ல இருந்து நானும் அவளும் இத்தனை பேசுனதில்லீங்க. சோறு ஆச்சா, ஆச்சு. தண்ணி கொண்டா, இந்தாங்க. அதுக்கு மேல எங்களுக்குள்ள என்ன பேச இருந்துது?

நடுவுல ஒரு கூத்து நடந்துது. என்ற அக்கா பேத்திக்குக் காதுகுத்து, கருப்பணார் கோயில்ல கெடா வெட்டு. போகாம இருக்க முடியுங்களா? கோழியை உட்டுட்டும் போக முடியாது, ரத்தினாவை நம்பி உட்டா மசால் அரைச்சுப்போடுவா. கூடையோட போனேன். கோயிலுக்குக் கோழி கொண்டாந்தா என்னன்னு நெனைப்பாங்க? நான் அந்தப் பக்கம் சீர்த்தட்டைக் குடுத்துட்டு இந்தப் பக்கம் திரும்பறேன், பூசாரியோட ஆளு செவலாத்தாளைக் கருப்பணாருக்கு முன்னால நிறுத்தித் தலையில தண்ணி தெளிச்சுட்டான். தண்ணி பட்டு ஒடம்பைச் சிலுப்புச்சுன்னா சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம், அடுத்து அருவாதான். இந்த மூதேவி நல்லாச் சிலுப்புச்சு. நாலு நாளாக் குளிக்கவெக்காத கோழி, சிலுப்பாம என்ன பண்ணும்?

கும்பல் கொலவை போடுது. நான் உழுந்தடிச்சு ஓடி, அருவாளுக்கும் கோழிக்கும் நடுவுல போய் உழுந்தேன். 'சாமிக்குக் குடுத்ததைப் புடுங்கறயே, நீ வெளங்குவியா'ன்னு என்ற கூடப்பொறந்தவளே கேக்கறா. எனக்கு எங்கேருந்துதான் புத்தி வந்துதோ, ரவிக்கைத் துணியை அவுத்து, நெஞ்சு எறகை வெலக்கித் தையல் போட்ட எடத்தைக் காட்டுனேன். 'பூசாரி, இது ஊனக் கோழி. கத்தி பட்ட ஒடம்பு. சாமிக்கு ஆகுமா?'ன்னேன். பூசாரி பாத்தாரு. ஊனம் சாமிக்கு ஆகாதுல்ல, எடுத்துட்டுப் போன்னுட்டாரு. எடுத்துட்டு வந்தேன் பாருங்க ஓட்டம். கறிச்சோறு கூடத் திங்கல. அக்கா இன்னைக்கு வரைக்கும் என்கிட்டப் பேசறதில்லை.

பொழுதோட தெய்வாத்தா கூப்புட்டா. நடந்ததைச் சொன்னேன். அவ சிரிச்சா தம்பி. அடக்க மாட்டாமச் சிரிச்சா, பையன் என்னமோ ஏதோன்னு அழுகவே ஆரம்பிச்சுட்டான், அப்பவும் சிரிக்கறா. எனக்குப் புதுசா இருந்துது. எங்க ஊட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லைன்னு யோசிச்சேன். ஆலைக்குப் போயிருவன்ல, நான் இல்லாதப்பச் சிரிச்சிருப்பா.

அப்புறம் கோழி தேறிருச்சு. கச்சையை அவுத்தாச்சு. கம்பு கொத்தித் திங்குது. டாக்டரம்மாவே கை குடுத்துட்டாங்க. போன வாரம் தெய்வாத்தாகிட்ட, 'எல்லாம் சரியாப்போச்சு புள்ள, எப்ப வர்றே?'ன்னேன். அவ பையனுக்கு மூக்கைத் தொடைச்சுவுட்டா. அப்புறம், 'அதை இங்க கொண்டாந்து உட்ருங்க. மொட்டை மாடியில எடம் இருக்குது, நான் பாத்துக்கறேன். நீங்களும் பாவம், எத்தனை நாளைக்கு ஊட்டுலயே அடைஞ்சு கெடப்பீங்க'ன்னா. பாத்தீங்களா, என்ற கஷ்டம் அவளுக்குத் தெரிஞ்சுதான் இருக்குது. கோகிலா போனை வாங்கி, 'நீங்க ஊடு வரைக்கும் அலைய வேண்டாம்ப்பா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கோழியை வாங்கிக்கறேன். அடுத்த பஸ்ஸுலயே நீங்க திரும்பிரலாம்'ன்னா. எனக்கு ஆபரேஷன் ஆன ஒடம்பு பாருங்க, அலையக் கூடாதுன்னு அக்கறை.

என்ன கேட்டீங்க? அம்மா எப்பங்க ஊருக்கு வர்றாங்கன்னா?

வருவாங்க. அதான் சொன்னன்ல, கோழி நல்லாச்சுன்னா வருவான்னு. கோழி நல்லாயிருச்சு. கோழி போகுது.

அவ எப்ப வர்றான்னு, அது, அவ சொல்லல.

கேட்டுட்டீங்க பாருங்க ஒரு கேள்வி. ஏறுனதுல இருந்து அதைத் தொடாமத்தான் நான் வேற எதையெல்லாமோ பேசிட்டு வர்றேன். இதை அங்க குடுத்துட்டா நாளைக்குக் காலையில அவ எதுக்கு எனக்குக் கூப்புடுவா? நான் என்ன தின்னேன்னு கேக்கறதுக்கா? அவ கேட்டதே இல்லீங்க, ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பயமா இருக்குது தம்பி. இந்த வயசுல ஒரு ஆம்பளை பஸ்ஸுல ஒக்காந்துட்டுப் பயமா இருக்குதுன்னு சொல்றேன், சிரிக்காதீங்க.

சித்தெ இந்த மூடியைப் புடிங்க. கையை உள்ள உடுங்க. கொத்தாது, நல்ல கோழி. கழுத்துக்குக் கீழ, சோத்தாங்கைப் பக்கம். அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருக்குதுங்கல்ல?

இல்லீங்களா. நல்லாப் பாருங்க.

பஞ்சாட்டத்தான் இருக்குதுங்களா. சரி.

ஒரு நிமிசம், போன் வருது. அவதான்.

ஆ, சொல்லு புள்ள. பெருந்துறை வந்துட்டு இருக்குது. கோகிலா கெளம்பிட்டாளா? வேண்டாம், இருக்கச் சொல்லு. ஒரு சங்கதி. செவலாத்தாளுக்கு மறுபடியும் தீனிப்பை கல்லாட்ட ஆயிருச்சு. ஆமா. காலையில நல்லாத்தான் இருந்துது, பஸ்ஸு குலுக்கலோ என்னமோ. நான் எதுக்குப் பொய் சொல்றேன்? பக்கத்துல ஒரு தம்பி ஒக்காந்திருக்கறாரு, அவருங்கூடத் தொட்டுப் பாத்துட்டுக் கல்லுன்னாரு. இல்ல, அங்க யாரு பாப்பாங்க, நாமக்கல் டாக்டரம்மாவுக்குத்தான் அது ஒடம்பு தெரியும். காலையில கம்புதான் குடுத்தேன், கொஞ்சூண்டு. சரி, இனி குடுக்கல. மஞ்சக்கருதான். சரி. தயிரு புளிக்காததா. சரி புள்ள. அந்தக் கச்சை இருக்குது, பத்திரமா வெச்சிருக்கறேன். அழுகாத புள்ள, நான் பாத்துக்கறன்ல. நான் இருக்கறன்ல.

கண்டக்டர், பெருந்துறை எறக்கம் ஒண்ணு.

அப்புடிப் பாக்காதீங்க தம்பி. காலை மடக்கிக்குங்க, நான் எறங்கோணும். திரும்பி ஈரோட்டு பஸ்ஸைப் புடிச்சு, அங்கேருந்து இன்னொரு பஸ்ஸு. மத்தியானம் தீனி குடுக்கற நேரத்துக்குக் கூப்புடறேன்னு சொல்லியிருக்கறா. அதுக்குள்ள நான் ஊடு போய்ச் சேரோணும்.